மேற்கணக்குக்கு ஒரு கணக்கு டீச்சர்

மேற்கணக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பவுலின் கணக்கு டீச்சராகப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அங்கிருந்து கிளம்பியபோது மகள் ஷெரோமி ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்தின் பிரிவுகளை இலங்கை மலையகத்தில் கணக்கு என்றுதான் சொல்வார்கள். அதனால் "மேற்கணக்குல கணக்குப் படிச்சுக் குடுக்குறேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிறந்தது நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை செய்தார். லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துக் கல்வியியற் கல்லூரிக்குப் போன பெண்பிள்ளை அந்த வரிசையிலேயே அவள்தான். நியமனம் வேறு கல்வி வலயத்தில் கிடைத்தது. டவுனிலிருந்து பஸ் ஏறி, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, தேயிலைக்குள் ஏறிப் போகவேண்டிய பள்ளிக்கூடம். அட்டை கடிக்கும். மழைக்காலத்தில் பாதை வாய்க்காலாகிவிடும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின் வரிசை வாங்கில் இருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் விளங்கும்வரை அடுத்த கணக்குக்குப் போகமாட்டாள். பாடத்திட்டம் முடியாது. முடியாததைச் சனிக்கிழமை வந்து முடிப்பாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த துணை ஷிராணி. அவளைவிட எட்டொன்பது வயது மூத்தவர், அவரும் கணக்கு டீச்சர். இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். பவுலினுக்குப் பேறு கஷ்டமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவர் ஷிராணிதான். பிறந்த பிள்ளைக்கு ஞானத்தாயாகக் கோயிலில் தூக்கிப் பிடித்து நின்றதும் அவர்தான். பவுலின் அவரை அக்கா என்பாள். அவர் இவளை வாடி, போடி என்பார்.

பிறகு ஷிராணியின் புருஷன் இக்னேசியஸுக்கு வாதம் வந்தது. தோட்டத்து லொறி ஓட்டிய வாட்டசாட்டமான மனிதர். ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. மகன் கட்டாரில் இருந்தான், வரமுடியவில்லை. ஷிராணி டவுனில் வீடெடுத்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டார். அந்த மனுவைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தது பவுலின். மாற்றம் கிடைத்தது. இடைவேளை மணி அடித்ததும் ஷிராணி வீட்டுக்கு ஓடி, புருஷனைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, மறுபடி மணி அடிக்குமுன் வகுப்பில் நிற்பார்.

மேற்கணக்கில் பவுலின் தனியானாள். அடுத்த வருடம் விஞ்ஞான டீச்சரும் மாறிப் போனார். பதிலுக்கு யாரும் வரவில்லை. அதிபர் சோலைமலை நல்ல மனிதர், பேச்சு வராது. "நீங்களும் வாங்க டீச்சர், ரெண்டு பேராப் போய்க் கேப்போம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு வலயக் கல்விப் பணிமனைக்குப் போனார். காலையில் போனவர்களை மத்தியானம்தான் உள்ளே விட்டார்கள். ஆசிரியர் தாபனம் என்கிற, நியமனமும் இடமாற்றமும் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"இருக்கிறத வச்சு ஓட்டுங்க சேர். எனக்கு டீச்சர் செஞ்சு குடுக்கத் தெரியாது" என்றார்.

சோலைமலை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் பவுலினுக்குக் கோபம் ஆறவில்லை. "டவுன் ஸ்கூல்கள்ல ஒரே பாடத்துக்கு அஞ்சாறு பேர் சும்மா இருக்காங்க சேர். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் நம்ம ஆள் ஒருத்தர் இருந்தா இப்பிடியா நடக்கும்?"

"அப்ப நீங்க எக்ஸாம் எழுதுங்க" என்றார் சோலைமலை. விளையாட்டாகத்தான் சொன்னார்.

அவள் எழுதினாள். கல்வி நிர்வாக சேவைக்கான பரீட்சை. முதல்முறை தவறிவிட்டது. இரண்டாம்முறை, வீட்டில் எல்லோரும் தூங்கியெழுமுன் எழுந்து படித்துப் பாஸானாள். புருஷன் அன்டன் மருந்துக்கடையில் வேலை செய்பவர். பெருமை தாங்காமல் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிரியாவிடை வைத்தார்கள். பெற்றோர்கள் காசு சேர்த்துச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தபின் அழகம்மா அவளிடம் வந்தாள். கொழுந்தெடுக்கிற பெண். மகள் சர்மிளா அப்போது ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி.

"நீங்க போயிட்டா இந்தப் புள்ளைகளுக்கு யாரு டீச்சர் கணக்குப் படிச்சுக் குடுப்பா?"

"அதுக்குத்தானே போறேன், அழகம்மா. நானே ஆளப் பாத்து அனுப்புவேன்."

அழகம்மா தலையாட்டினாள். நம்பித்தான் ஆட்டினாள்.

பணிமனையில் பவுலினுக்குக் கிடைத்தது அதே பிரிவு. ஆசிரியர் தாபனம். யாரை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது, யாரை மாற்றுவது, யாருக்கு லீவு, யாருக்கு ஓய்வு என்று எல்லாம் அங்கேதான். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் அது என்ன இடம் என்பது விளங்கியது. ஒவ்வொரு புதன்கிழமையும் ஆசிரியர்கள் வரிசையில் நின்றார்கள். சிசேரியன் செய்த வயிற்றோடு மலையேற முடியாத பிள்ளை. கிட்னி பழுதான தகப்பனைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகவேண்டிய மகன். கொழும்பில் வேலை பார்க்கும் புருஷனை மாதத்துக்கு ஒருமுறைதான் காண்கிற பெண். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரையும் இறக்கிவிட்டால் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இருக்கமாட்டார்.

இன்னொரு சாராரும் இருந்தார்கள். அவர்கள் வரிசையில் நிற்பதில்லை. அவர்களுக்காக டெலிபோன் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நியமனம் பெற்று, ஒரு பள்ளித் தவணைகூட நிற்காமல், 'தற்காலிக இணைப்பு' என்ற பெயரில் டவுனுக்கு வந்துவிடுவார்கள். பெயர் மலைமேல், ஆள் டவுனில். பெயர் அங்கே இருப்பதால் ஆளில்லாத வெற்றிடம் என்று காட்டவும் முடியாது.

மேற்கணக்குக்கு ஆள் போடலாமென்று முதல் வேலையாகப் பார்த்தபோது, அங்கே கணக்குக்கு வெற்றிடமே இல்லை என்றிருந்தது. அது எப்படி என்று கிளார்க் பிரேமினியைக் கேட்டாள். பிரேமினி தயங்கிச் சொன்னாள்.

"ஒங்க பேர் இன்னும் அந்த ஸ்கூல்லதான் மிஸ் இருக்கு. மாகாணத்துல இருந்து ஒங்க சேவை மாறின கடிதம் வந்தாத்தான் எடுக்கலாம்."

அந்தக் கடிதம் வர இரண்டு தவணை ஆனது. அதுவரை மேற்கணக்கில் கணக்குப் பாடத்துக்கு ஆள் இருந்தார். அந்த ஆள் பவுலின்.

வருட முடிவில் அவள் வலயத்தின் மேலதிகாரியான பணிப்பாளர் கணேசமூர்த்தியிடம் போனாள். ஓய்வுக்குக் காத்திருக்கும் மனிதர், கெட்டவர் அல்ல. டவுன் பள்ளிக்கூடங்களில் தேவைக்கு மேல் இருப்பவர்களை மலைக்கு அனுப்பவேண்டும், எல்லோருக்கும் ஒரே விதி, கடைசியாக வந்தவர் முதலில் போகவேண்டும் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செய்ங்க மேடம். ஆனா நடுவுல ஆளைப் பாத்து மாத்தக் கூடாது. ஒருத்தருக்கு விட்டா கதை முடிஞ்சிரும்."

"மாத்தமாட்டேன் சேர்."

பவுலினும் பிரேமினியும் ஒரு வாரம் இருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பார்த்தார்கள். தேவைக்கு மேல் என்று பத்துப் பன்னிரண்டு பேர் தேறினார்கள். ஷிராணி படிப்பித்த பள்ளிக்கூடம் வந்தது. கணக்குக்குத் தேவைக்கு மேல் ஒருவர். கடைசியாக வந்தவர் ஷிராணி.

பிரேமினி தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். "மிஸ், இவங்க வீட்டுக்காரருக்கு…"

"தெரியும்."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. இந்த ஒரு பெயரை விட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று பவுலின் நினைத்தாள். மற்றவர்கள் கேட்பார்கள். தன் பிள்ளையின் ஞானத்தாயை விட்டுவிட்டாள் என்பார்கள், அதோடு எல்லாம் நின்றுபோகும். எந்தப் பள்ளிக்கூடம் என்று போடுவது? கணக்குக்கு ஆளில்லாத இடங்களில் பஸ்ஸுக்குக் கிட்ட இருப்பது மேற்கணக்குதான். அக்காவுக்குப் பழகிய இடம். அதையே போட்டாள். அது ஓர் இரக்கம் என்றுகூட அன்று அவளுக்குத் தோன்றியது.

ஷிராணி புதன்கிழமை வரிசையில் நின்று வந்தார். உள்ளே வந்ததும் பிரேமினி எழுந்து வெளியே போய்விட்டாள். ஷிராணி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னடி இது?"

"அக்கா, எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொல்லித்தான் தொடங்கினேன்."

"சட்டம் கிடக்கட்டும். அவர மத்தியானம் யாரு பொரட்டிப் போடுவா?"

"யாராச்சும் ஒரு புள்ளையப் பாத்து வைக்கலாம்தானே அக்கா. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் சமாளிங்க. சர்மிளா செட் ஓ.எல். பரீட்சை எழுதப்போகுது. ஒங்களுக்குத் தெரியும், அங்க யாருமே இல்ல."

"அந்தப் புள்ளைகள எனக்குத் தெரியாதா? நான் வயித்தெரிச்சல்ல பேசல, பவுலின். என்னால ஏலாது."

"ஒங்கள விட்டா மத்தவங்கள நான் எப்பிடி அக்கா அனுப்புவேன்?"

ஷிராணி மடியிலிருந்த கைப்பையைத் தோளில் மாட்டினார். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்தார்.

"சரிங்க மேடம்" என்றார். குத்தலாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் பவுலினைப் போட்டு உலுக்கியது.

ஜனவரியில் ஷிராணி மேற்கணக்குக்குப் போனார். ஒவ்வொரு நாளும் விடியுமுன் பஸ். பக்கத்து வீட்டில் தையல் படிக்கிற பெண்ணொருத்தி மத்தியானம் வந்து இக்னேசியஸுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போக ஒத்துக்கொண்டாள்.

மற்றவர்கள்? முதலாமவரின் கட்டளையை நிறுத்தும்படி மேலிருந்து டெலிபோன் வந்தது. இரண்டாமவர் ஆசிரியர் சங்கத்தின் ஆள். மூன்றாமவரின் தம்பி மாகாண அலுவலகத்தில் இருந்தார். சிலர் மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள், சிலர் ஒன்றும் கொண்டுவரவில்லை, போகவும் இல்லை. தவணை முடிவதற்குள் ஒவ்வொன்றாக எல்லாம் ரத்தாகிவிட்டது. கடைசியில் பவுலின் அனுப்பியவர்களில் மலையேறியது ஷிராணி மட்டும்தான்.

அவள் கணேசமூர்த்தியின் அறைக்குப் போனாள். "சேர், இது என்ன நியாயம்? அப்ப ஷிராணி டீச்சருடையதையும் நிப்பாட்டுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "மத்தவங்களுக்கு யாராச்சும் பேசினாங்க. அவங்களுக்கு யாரு மேடம் பேசினது? மேன்முறையீடுன்னு ஒரு வரி கூட குடுக்கல."

"அவங்க என்கிட்டதான் சேர் வந்தாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். பிறகு மெதுவாக, "மேற்கணக்குக்கு ஆள் வேணும்னு கேட்டதும் நீங்கதானே. இப்ப ஆள் இருக்கு. இந்த வருஷம் ஓடட்டும்."

அன்றே அவள் ஒரு மனுவை எழுதி ஷிராணியிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். முன்பு எழுதிக் கொடுத்தவள்தானே. செய்யவில்லை. காரணம் வெறும் பயம் மட்டும் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அழகம்மா அவளைக் கண்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னபடியே அனுப்பிட்டீங்க டீச்சர். எங்க புள்ள சாங்காலம் வந்ததும் கணக்குத்தான் போடுது. ஷிராணி டீச்சர் நல்லா சொல்லிக் குடுக்குறாங்களாம்."

பவுலினுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பிற்பாடு அவள் வெட்கப்பட்ட அளவு வேறு எதற்கும் வெட்கப்படவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே விடாமல் ஊற்றியது. மத்தியானத்தில் மேற்கணக்குப் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. ஷிராணி தேயிலைக்குள் குறுக்கே இறங்கி, பிரதான பாதைக்கு வந்து, ஒரு லொறியில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தையல் படிக்கிற பெண் அன்று வரவில்லை. அவளுடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. இக்னேசியஸ் பசியிலோ, அவசரத்துக்கோ, கட்டிலிலிருந்து தானாக இறங்கப் பார்த்திருக்கிறார். சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தார். கூரை ஒழுகி அந்தப் பக்கமெல்லாம் ஈரம். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டிருந்தாலும் அந்தக் குழறல் மழையில் யாருக்குக் கேட்டிருக்கும்?

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு முன்னால் இறந்துபோனார்.

சாவு வீட்டுக்குப் பவுலினும் அன்டனும் ஷெரோமியும் போனார்கள். முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். மேற்கணக்கிலிருந்து சோலைமலையும் ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். பவுலினைக் கண்டதும் நகர்ந்து வழிவிட்டார்கள். ஒருவர் எழுந்து நாற்காலி கொடுத்தார். அதிகாரிக்கு எழுந்து கொடுப்பதுபோலக் கொடுத்தார். ஷெரோமி ஓடிப்போய் ஞானத்தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஷிராணி அவளுடைய தலையைத் தடவிக்கொண்டே பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். அழுது முடித்த முகம்.

பவுலின் கிட்டப் போய்க் குனிந்தாள். "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஷிராணி நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை, ஒங்களையே கேக்கலாம்னு இருந்தேன். எத்தன நாளைக்கு லீவு எடுக்கலாம் மேடம்? ஆஸ்பத்திரியில நின்னதுல என்னோட கேஷுவல் முடிஞ்சிருச்சு."

பவுலினுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் வாய் தானாகப் பதில் சொன்னது. "கேஷுவல் முடிஞ்சா மெடிக்கல்ல போடலாம். அதிபர்கிட்ட ஒரு விண்ணப்பம் குடுத்தாப் போதும்."

"சரி" என்று ஷிராணி தலையாட்டினார். "மகன் வர்றதுக்கு டிக்கட் கிடைக்கல. அதான் கேட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் பவுலின் குசினிக்குள் போய் அடுப்பின் முன்னால் நின்றாள். அன்டன் பின்னால் வந்தார். "நீ சட்டப்படிதானே செஞ்ச. மழைக்கு நீ என்ன செய்வ?" என்றார். அவர் தேற்றத்தான் சொன்னார். அவள் கெட்டிலைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். தண்ணீர் கொதித்து வற்றும்வரை அங்கேயே நின்றாள்.

ஷிராணி மறுபடி மேற்கணக்குக்குப் போகவில்லை. மெடிக்கல் லீவு முடிந்ததும் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தார். அதுவும் பவுலினின் மேசைக்குத்தான் வந்தது. பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். வேறு எதை எழுதுவது? மேற்கணக்கில் கணக்குக்கு மறுபடி ஆள் இல்லை. ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

அவள் கணேசமூர்த்தியிடம் போய், தன்னைத் திரும்ப வகுப்பறைக்கே அனுப்பிவிடச் சொன்னாள். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"எப்பிடி மேடம் முடியும்? நீங்க சேவையே மாறிட்டீங்க. அந்தப் பதவி ஒங்களுக்கு இப்ப இல்ல. வேணும்னா ராஜினாமா செய்யலாம். அப்பயும் டீச்சரா எடுக்கமாட்டாங்க, வயசு தாண்டிருச்சு."

அதன்பிறகு சனிக்கிழமைகளில் மேற்கணக்குக்குப் போய்ப் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தானே கணக்குப் படிப்பிப்பதென்று முடிவு செய்தாள். யாருக்கும் சொல்லவில்லை, சோலைமலைக்கு மட்டும் சொன்னாள். முதல் சனிக்கிழமை ஏறிப் போனபோது வாசலில் கோலம் போட்டிருந்தது. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். வலயத்திலிருந்து மேடம் வருகிறார், ஒழுங்காக இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினாள். விளங்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள். ஒருவரும் தூக்கவில்லை. அவளுக்குத் தெரியும், பாதிப்பேருக்கு விளங்கியிருக்காது. பின் வாங்கில் போய் ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பயந்து எழுந்து நின்றுவிட்டான்.

"இரு தம்பி. எந்த எடத்துல விளங்கல?"

"வெளங்குது மேடம்."

"சும்மா சொல்லு."

"எல்லாம் வெளங்குது மேடம்."

சர்மிளா மட்டும் முன் வாங்கிலிருந்து அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் கையைத் தூக்கவில்லை.

நாலைந்து சனிக்கிழமைகள் போனாள். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். பிறகு ஒரு மொட்டைக் கடிதம் மாகாணத்துக்குப் போனது, அதிகாரி தோட்டப் பிள்ளைகளிடம் டியூஷன் நடத்துகிறார் என்று. கணேசமூர்த்தி அவளைக் கூப்பிட்டு, "விட்டுருங்க மேடம், எனக்கும் தலைவலி" என்றார். அவள் விட்டுவிட்டாள். எதிர்த்து நிற்க அவளிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பரீட்சை முடிவு வந்தபோது சர்மிளா எல்லாப் பாடமும் பாஸ், கணக்கு மட்டும் இல்லை. கணக்கு இல்லாமல் மேலே போவது கஷ்டம். கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று சோலைமலை போனில் சொன்னார். அழகம்மா என்ன சொன்னாள் என்று பவுலின் கேட்டாள். "ஒண்ணும் சொல்லல டீச்சர். ஒங்களச் சொகம் கேட்டதாச் சொல்லச் சொன்னா" என்றார். அவர் மட்டும்தான் இன்னும் அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறவர்.

ஷெரோமி ஞாயிறு பின்னேரங்களில் ஞானத்தாய் வீட்டுக்குப் போவாள். பவுலின் அவளிடம் பழமும் பிஸ்கட்டும் கொடுத்துவிடுவாள். ஷிராணி வாங்கி வைப்பாராம். அம்மா எப்படி என்று கேட்கமாட்டாராம். ஒருநாள் பவுலின் மகளோடு தானும் வாசல்வரை போனாள். ஷிராணி கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். பென்ஷன் எப்போது வரும் என்று கேட்டார். பவுலின் சொன்னாள். ஷிராணி நன்றி என்றார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். அப்படியொரு இடத்தை ஷிராணி அவளுக்குக் கொடுக்கவேயில்லை. இறங்கிப் போகும்போது ஷெரோமி அம்மாவின் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள்.

அதற்குப் பிறகு பவுலின் தங்கள் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். அன்டனும் மகளும் அங்கே போவார்கள். அவள் விடியலில் பஸ் ஏறி, வேறோர் ஊரில் சிங்களத்தில் பூசை நடக்கும் சின்னக் கோயிலுக்குப் போனாள். அவளுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் ஜெபம் தமிழில்தான் வரும். பிரசங்கம் பாதி விளங்கும், பாதி விளங்காது. அது அவளுக்கு வசதியாக இருந்தது. அங்கே யாருக்கும் இடமாற்றம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து படியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் ஒரு வயதான சிங்களப் பெண் குடையை விரித்து அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டார். எந்த ஊர் மகளே, என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார்.

"டீச்சர்" என்று பவுலின் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தவறி வந்துவிட்டது.

"ஆ, நல்லது. என்ன பாடம்?"

"கணக்கு."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. தன் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆளே இல்லை, இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள், ஒருத்தரையும் அனுப்பமாட்டேன் என்கிறார்கள் என்றார். நீ அங்கே மாறி வரமுடியாதா மகளே, பாதையும் நல்ல பாதை, வீடு வேண்டுமென்றால் நாங்கள் பார்த்துத் தருவோம் என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பவுலின் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

கையை விடாமலேயே அந்த அம்மா பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். அதுவும் அவளுடைய வலயத்தில்தான் இருந்தது. பஸ் வந்தது. பவுலின் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அந்த அம்மா குடையோடு தெருவோரம் வந்து, மறந்துவிட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிக் கையசைத்தார். பவுலினும் கையசைத்தாள். பஸ் திரும்பியபின் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஈரமான ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க மூடுபனி வெளிப்பக்கமாகவே நின்றது.